அது நான் வைத்த கிரீஸ்

இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவு கிரீஸ், வலது கையில் பேரிங். பேரிங்கின் அகலமான வாயை உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளின் இடுக்கு வழியாக மேல்பக்கம் கிரீஸ் புழுப்போல எட்டிப் பார்த்தால் அந்த இடம் நிரம்பிவிட்டது. கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். லாரியோ பஸ்ஸோ, சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் இந்தப் பேரிங் உட்கார்ந்துதான் அத்தனை பாரத்தையும் சுற்றவிடுகிறது. மேலாகத் தடவி மாட்டினாலும் பார்ப்பதற்கு நிரம்பின மாதிரிதான் இருக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் காய்ந்து, சூடேறி, கத்த ஆரம்பிக்கும். நான் மேலாகத் தடவி மாட்டக் கொடுத்ததே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது எண்பதுகளில். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதை நடத்தியவர் எங்கள் மேஸ்திரி. ஊரே அவரை பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் லாரியில் கிளீனராகப் போய்க் கால் நசுங்கி வீட்டோடு கிடந்த சமயம். பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, கழற்றின சாமான்களை டீசலில் கழுவுகிற வேலையைக் கொடுத்தார். காலனித் தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து லாரிப் பட்டறையில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று அவர் யோசிக்கவே இல்லை. நோன்பு மாதத்தில் கஞ்சி வந்தால் முதலில் என் தூக்கில் ஊற்றச் சொல்வார். இதையெல்லாம் மறைக்க நான் நன்றி கெட்டவள் இல்லை.

கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த ஆள் பெங்களூருக்குப் போய்விட்டான். வேலை நெருக்கடியில் ஒரு நாள் நானே பேரிங்கை எடுத்து வைத்தேன். பாய் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எடமே வுடல. இனிமே நீயே வைம்மா" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு வந்த எல்லா ஹப்புக்கும் கிரீஸ் என்னுடையது. ஹப்பு நட்டை இறுக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, துளி தளர்த்திப் பூட்டுவது அவருடையது. அவர் வேலையில் நான் கை வைக்கமாட்டேன், என் வேலையில் அவர் கை வைக்கமாட்டார்.

பனமலைப் பக்கம் ஓடின ஒரு பஸ்ஸின் முதலாளிக்கு ஆயுத பூஜை என்றால் கோயில் தேர் மாதிரி வண்டியை ஜோடிக்க வேண்டும். வருஷா வருஷம் சக்கரத்துக்கு வெளியே மட்டும் பெயின்ட் அடிப்பார்கள். அந்த வருஷம் உள்ளேயும் பளபளக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் பட்டறையில் ஹப்பைப் பிரித்து கிரீஸ் மாற்றி அனுப்பின பிறகு, அவர் ஷெட்டில் சக்கரத்தைக் கழற்றி, சக்கரம் போய் ஒட்டுகிற ஹப்பின் முகத்துக்கும், சக்கர நட்டு உட்காருகிற குழிக்கும் மஞ்சளும் சிவப்பும் கெட்டியாக அப்பி, அதன் மேலேயே நட்டை இறுக்கிவிட்டார்கள். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தார்கள். ஓட ஓடப் பெயின்ட் நசுங்கி உதிரும், உதிர்ந்தால் நட்டு தளரும். தளர்ந்தது. ஏரிக்கரையில் முன்பக்கத்து இடது சக்கரம் கழன்று, தனியாக உருண்டு போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டது. வண்டி சாய்ந்து ஹப்பு தார் ரோட்டில் தேய்ந்தது. நல்லவேளை, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. யாரோ சந்தைக்குக் கொண்டுபோன கோழிக்கூடை ஒன்று நசுங்கியது.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். கூடவே கூட்டம். முதலாளி இறங்கின வேகத்தில் என்னைக் காட்டித்தான் பேச ஆரம்பித்தார்.

"பொம்பள கை பட்டா வண்டி எப்புடிய்யா வெளங்கும்? அதுவும் எந்தத் தெருவுலேர்ந்து வந்து ஒக்காந்துனு இருக்குது பாரு."

நான் டீசல் சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பாய் வாயைத்தான் பார்த்தேன். அவர் தேய்ந்த ஹப்பின் முன்னால் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் போல்ட் அடியைச் சுரண்டினார். மஞ்சள் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"அது ஹப்பெல்லாம் தொடாது மொதலாளி. சட்டி பானை கழுவுற மாதிரி சாமான் கழுவும், அவ்ளோதான். கிரீஸ் வைக்கிறது நானு."



தேய்ந்த ஹப்பை மாற்றியே ஆக வேண்டும் என்று பிரித்தார்கள். உள்ளே பேரிங் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு உருளையில்கூடக் கோடு இல்லை. முதலாளி விரலால் கிரீஸைத் தொட்டுப் பார்த்து, கூட்டத்துக்குக் காட்டினார்.

"பாய் கை வச்சா வச்சதுதான்யா. வெண்ண மாதிரி இருக்குது பாரு."

"அது நான் வச்ச கிரீஸு" என்றேன்.

டிரைவர்தான் முதலில் சிரித்தான். "அப்ப வண்டியயும் நீயே ஓட்டிக்கினு பூடு அக்கா, நான் வூட்டுல சோறாக்கறேன்." மொத்தக் கூட்டமும் சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. தலையைத் தூக்காமல், "போயி எல்லாருக்கும் டீ வாங்கியாம்மா" என்றார்.

வாங்கி வந்தேன். முதலாளிக்கும் கொடுத்தேன், அந்த டிரைவருக்கும் கொடுத்தேன். பாயின் கிளாஸை ஜாக்கி மேல் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும்போது டிரைவரின் காதோரம் பாய் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "இனிமே பெயின்ட சுரண்டிட்டு மாட்டுங்க, இன்னா?" முதலாளி செய்த தப்பைக் காதில் சொல்ல வேண்டுமாம். நான் செய்யாத தப்பை ரோட்டில் வைத்துப் பேசலாமாம்.

பொங்கல் கழிந்து பாய் எங்கள் தெருவுக்கே வந்தார். கவிழ்த்து வைத்திருந்த அன்னக்கூடை மேல் உட்கார்ந்தார்.

"வேல குமிஞ்சி கெடக்குது. வாம்மா."

"வரேன் பாய். மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க, கிரீஸ் வச்சது நான்தான்னு."

"சொல்லி இன்னா ஆவப் போவுது? பழி உன் மேல வுழாம நான்தான பாத்துக்கினேன்."

"இன்னா பழி? பேரிங்கு நல்லாத்தான இருந்துச்சி?"

அன்னக்கூடையின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். பிறகு சொன்னார்: "சொன்னா அந்த வண்டிங்க வராதும்மா."

"அப்ப நானும் வரல பாய்."

கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் தொண்டூர்ப் பக்கம் நடவுக்குப் போனேன், அறுப்புக்குப் போனேன், ரோட்டில் ஜல்லி கொட்டினேன். எந்தப் பட்டறையிலும் என்னை ஹப்பைத் தொட விடவில்லை. கடைத்தெருவில் பாயைப் பார்த்தால், "நல்லாக்கிறியாம்மா?" என்பார். "நல்லாக்கிறேன் பாய்" என்பேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் பாயின் பேரன் வந்தான். பட்டறை இப்போது மாடி கட்டிப் பெரிய கடையாகிவிட்டதாம். நீலச் சட்டை போட்ட இரண்டு பெண்பிள்ளைகள் அங்கே சக்கரம் கழற்றுகிறார்களாம், ஜனங்கள் நின்று போட்டோ எடுக்கிறார்களாம். செஞ்சியிலேயே பெண்பிள்ளை ஸ்பேனர் பிடிப்பது இதுதான் முதல் தடவை என்றான். தாத்தா பேரில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். "தாத்தா கையால கிரீஸ் வச்சா அப்புறம் ஹப்ப தொறக்கவே வேணாம்னு பழைய டிரைவருங்க இன்னும் சொல்றாங்க ஆயா. நீயும் ரெண்டு நல்ல வார்த்த எழுதிக் குடு" என்றான். எழுதித் தருகிறேன், போய் வா என்று அனுப்பினேன்.

மூன்றாவது வரைக்கும் படித்த படிப்பு. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். உன் தாத்தா நல்ல மனுஷர்தான். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். நல்லவர் வாயாலேயே நான் இல்லாதவளாகிப் போனதுதான் இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை. தம்பி, இதை எழுதினபடியே போடு. அந்த ஒரு நாளை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைப் போடுவதாக இருந்தால், ஒன்றும் போட வேண்டாம். தாளை என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிடு.