பாதியில் நின்ற நெஞ்சுப் படம்

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ‘முடிச்சு அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்கு வந்தவர். தானாக இணைப்புக் கொடுக்கும் கருவி வந்ததும், அவரை எங்கே உட்கார வைப்பது என்று நிர்வாகத்துக்குப் புரியவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒயர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒயர்கள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரிக் கிடந்தன. அக்கா ஒரு வாரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எந்த அறைக்குப் போகிறது என்று எழுதிக் கட்டினார். அந்தப் பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் அவருக்குக் கிடையாது. பழுது பார்க்க வருகிறவர்களின் பின்னால் நின்று, “இப்ப என்ன பண்ணீங்க? ஏன் பண்ணீங்க?” என்று கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். கேட்டதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். “இந்தம்மா கேக்குற கேள்விக்கு நான் பரீட்சையே எழுதிடலாம்” என்று ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு போனார்.

நான் எக்ஸ்ரே எடுப்பவன். போன வருடம் என் அறைக்குப் புது டிஜிட்டல் மெஷின் வந்தது. படம் எடுத்ததும் அது ஒயர் வழியாக, மாடியில் இருக்கும் எலும்பு டாக்டரம்மாவின் திரைக்குப் போய்விட வேண்டும். முதலில் வந்தவர் விரல் நசுங்கிய ஒரு தையல்காரர். நாலே நொடியில் படம் போனது. எல்லோரும் கைதட்டினோம். அடுத்து வந்தவர் கூரையிலிருந்து விழுந்த மரவேலைக்காரர். மூச்சு விடவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருடைய நெஞ்சுப் படம் கால்வாசி போய் நின்றுவிட்டது. திரும்ப அனுப்பினேன். திரும்பவும் அதே கதை.

டாக்டரம்மாவே இறங்கி வந்து என் திரையில் பார்த்து, “விலா எலும்பு ரெண்டு உடைஞ்சிருக்கு, உடனே வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அடுத்த நெஞ்சுப் படத்துக்கும் இறங்கி வந்தார். மத்தியானத்துக்குள் பதினோரு தடவை. எலும்பு டாக்டருக்கே முட்டிவலி வந்துவிட்டது.

மெஷின் கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்தார். “மெஷின்ல ஒரு குறையும் இல்ல. எல்லா ரூம் ஒயரும் வந்து சேருதே, அந்தப் பழைய சுவிட்ச் பெட்டிதான் சரியில்ல. அதைத் தூக்கிப் போடுங்க.”

எங்கள் மேனேஜருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “அது பன்னெண்டு வருஷமா வாயைத் திறக்காம உழைக்குது. நேத்து வந்த உங்க மெஷின்தான் மக்கர் பண்ணுது. கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க.” உடனே கம்பெனிக்குக் கடிதம் அடிக்கச் சொல்லிவிட்டார். மெஷின் போய்விட்டால் எக்ஸ்ரேயே கிடையாது. பெட்டியை மாற்றலாம் என்றால், புதுசு வாங்க அனுமதி வருவதற்கே மூன்று மாதம் ஆகும். அதுவரை நோயாளிகளை எங்கே அனுப்புவது?

“சார், அந்த லெட்டரை நாளைக்கு அனுப்பலாமே. எனக்கு ஒரு நாள் குடுங்க” என்றார் அக்கா.

மறுநாள் காலை ஒயரை மாற்றிப் பார்த்தார். பெட்டியில் பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தார். பலனில்லை. பிறகு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் நாள் எடுத்த படங்களையே ஒவ்வொன்றாக அனுப்பச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். விரல் நாலு நொடி. முட்டி ஐம்பது நொடி. நெஞ்சு போகவேயில்லை.

“ஒயர் அறுந்திருந்தா விரலும் போயிருக்காது” என்றார் மெதுவாக. “சின்னப் பேச்சு போகுது, நீளப் பேச்சு நிக்குது. போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா இப்படித்தான் ஆகும். நான் எத்தனை வருஷம் கேட்டிருக்கேன்!”

அன்றும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்த இன்ஜினியரிடம் திரும்பினார். “தம்பி, மெஷின் எப்படிப் பேசுதுன்னு காட்டுற பக்கத்தைக் கொஞ்சம் திறங்க.”

“அதெல்லாம் தானா அமைஞ்சுக்கும் மேடம். பாக்கவே வேண்டாம்.”

“பாத்தா என்ன குறைஞ்சா போயிடும்?”

திறந்தார். அவர் முகம் மாறியது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசலாம் என்று மெஷின் அமைத்துக்கொண்டிருந்தது. அக்கா ஒயர் அறைக்குப் போய், பெட்டிக்கும் இருக்கும் அதே மாதிரிப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். அதிலோ, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று இருந்தது. மெஷின் பேசிக்கொண்டிருக்கும்போதே பெட்டி குறுக்கே பேச, மெஷின் பேச்சை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கும். சின்னப் படம் எப்படியோ தப்பித்துப் போய்விடும். பெரிய படம் மாட்டிக்கொள்ளும்.

“ரெண்டும் முதல்ல கலந்து பேசி முடிவு பண்ணிக்குமே? ஏன் பண்ணல?” என்று இன்ஜினியர் கேட்டார்.

அக்கா தன் பழைய நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. பதினோரு வருடத்துக்கு முன்னால், அவர் கையெழுத்து. அப்போது இருந்த எக்ஸ்ரே மெஷினுக்குக் கலந்து பேசவே தெரியாது. அதற்காகப் பெட்டியின் முதல் எட்டுத் துளைகளையும், யாரோடும் கலந்து பேசாமல் ஒரே மாதிரி இயங்கும்படி அக்காதான் பூட்டி வைத்திருந்தார். பழைய மெஷின் போனபோது பூட்டைத் திறக்க மறந்துவிட்டார். புது மெஷின் கேட்டுப் பார்த்திருக்கிறது. பதில் வராததால், எதற்கு வம்பு என்று ஒவ்வொருவராகப் பேசும் முறையை எடுத்துக்கொண்டது.

பக்கத்து ஸ்கேன் அறை மெஷின் பழசு. அதற்கு அந்தப் பூட்டு இன்னும் வேண்டும். அதைத் தொடாமல், என் அறைத் துளையை மட்டும் திறந்துவிட்டார். நெஞ்சுப் படத்தை அனுப்பினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆறாவது நொடியில் மாடியிலிருந்து போன்.

“வந்துடுச்சு! முழுசா வந்துடுச்சு!” என்று டாக்டரம்மா கத்தினார். “நான் இனிமே இறங்க மாட்டேன்!”

அக்கா நினைத்திருந்தால் அதோடு விட்டிருக்கலாம். அந்தத் துளையை யார் பூட்டியது என்று கேட்க ஆளில்லை. ஆனால் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். கடிதம் மேஜையில் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

“சார், மெஷின் மேலயும் தப்பில்ல, பெட்டி மேலயும் தப்பில்ல. என் கை வேலை” என்று சொல்லி நோட்டை விரித்து வைத்தார்.

மேனேஜர் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கடிதத்தை நாலாக மடித்துக் கிழித்தார். இன்ஜினியர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். “எங்க ஆளுங்க எல்லாருக்கும் காட்டணும் அக்கா” என்றார். காலையில் ‘மேடம்’ என்று கூப்பிட்டவர்தான்.

நாலு மணிக்கு மேல்தான் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. “எதுக்கு அக்கா நீங்களா போய்ச் சொன்னீங்க?”

“அந்த வரிசையில இன்னும் ஏழு துளை இருக்கு. நான் லீவுல இருக்கிறப்ப வேற ரூம்ல இதே மாதிரி ஆனா, எங்க தேடணும்னு உங்களுக்குத் தெரியணுமில்ல? சாப்பிட விடுங்க.”

அடுத்த வாரம் முழுக்க அறை அறையாகப் போய் ஒவ்வொரு மெஷினையும் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு இடத்தில் இதே கோளாறு இருந்தது. ஒன்று அவர் வைத்த பூட்டு. இன்னொன்று, பின்வரிசைத் துளையில் யார் வைத்ததோ தெரியவில்லை. நோட்டில் இரண்டுக்கும் தேதி போட்டு, இரண்டாவதற்கு எதிரே, ‘பூட்டியது யார் என்று தெரியாது. திறந்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.