பதினொன்று இருபதுக்கு ஒரு நிறுத்தம்

மென்பொருளைச் சோதிக்கும் வேலை என்பது அடுத்தவர் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது. திரைமுன் ஆயுளைக் கழிக்கும் உங்களுக்கு அந்தச் சலிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

வருகைப் பதிவு

நாகர்கோவிலில் எங்கள் அலுவலகம். ஓர் ஆஸ்பத்திரியின் அட்மிஷன் கவுண்டருக்குப் புதிய மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். கவுண்டரில் இருந்தது கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் பழைய டெர்மினல். அதற்குப் பதில் சொல்லும் பெரிய கணினி வெளியூரில். சோதனைக்கென்று அதைத் தொட விடமாட்டார்கள். ஆகவே கவுண்டர் கிளார்க் ஸ்டெல்லாவின் ஒரு நாள் வேலையை அப்படியே பதிவு செய்தோம். அவர் தட்டிய எழுத்து, கணினி தந்த பதில், நடுவில் விட்ட இடைவெளி, எல்லாம். இணைப்பைப் பிடுங்கிவிட்டு அதை ஓட்டினால் அந்த நாள் மறுபடி நடக்கும்.

பதிவு செய்த அன்று மாலையே, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நெஞ்சு வலித்து ஸ்டெல்லா இறந்துபோனார். மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் பதிவை ஓட்டினோம். யாரும் தொடாமலே திரையில், வேலையைத் தொடங்க அவர் அடிக்கும் தன் பெயர் எழுத்தெழுத்தாக விழுந்தது. என்னோடு வேலை செய்யும் ஷைனி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"சாரே, அக்கா டூட்டிக்கு வந்தாச்சு."

அழித்த எழுத்து

பிறகு தினமும் வந்தார். அதே பிரசவக் கேஸைச் சேர்த்தார். அதே கட்டிலைக் கொடுத்தார். திரையின் கடிகாரத்தில் பதினொன்று இருபதானதும் 'அந்தோ' என்று ஒரு நோயாளியின் பாதிப் பெயரில் நிற்பார். நான்கு நிமிடம் கர்சர் மட்டும் துடிக்கும். நாங்களும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

திரையில் அழிந்தது பதிவில் அழியாது. காலை முழுக்க அழிக்கும் விசையைத் தொடாதவர், அந்த நான்கு நிமிடத்துக்குப் பிறகு அந்தோணி என்ற பெயரை மூன்று முறை தப்பாக அடித்து அழித்திருந்தார். ஷைனியிடம் காட்டினேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காப்பி குடிக்கப் போயிருப்பாவ. விடும் சாரே."

இடைவெளிகளை வெட்டினால் ஒரு நாள் வேலை பத்தே நிமிடத்தில் முடியும். வெட்டி ஓட்டியும் பார்த்தோம். மூச்சு விடாமல் ஓடிய எழுத்துகளைப் பார்த்துவிட்டு அவளே பழையபடி மாற்றினாள்.

"நின்னு நின்னு போனாத்தான் அக்கா. இது வேற யாரோ."

ஏலத்தின் நடுவே

பதிவைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு நாள் ஸ்டெல்லாவின் கணவர் வந்தார். குளச்சல் துறையில் மீன் ஏலம் விளிப்பவர். போனைத் திறந்து, எடுக்காமல் துண்டித்த ஓர் அழைப்பைக் காட்டினார். ஸ்டெல்லாவுடையது, பதினொன்று இருபத்தொன்று.

"ஏலத்துக்க நடுவுல கட் பண்ணிட்டேன் சார். அவளுக்கு அப்பமே வலிச்சுதா, அதுக்குத்தான் விளிச்சாளா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

காலையிலிருந்தே ஓட்டிக் காட்டினோம். 'அந்தோ' வந்தது, நின்றது. நான்கு நிமிடமும் போனைக் கையில் பிடித்திருந்தார், அது அடிக்கும் என்பதுபோல. பிறகு எழுத்துகள் வந்தன, அழிந்தன. மறுபடி வந்தன, அழிந்தன. எனக்கு முன்பே தெரிந்ததுதான்; ஜன்னலைப் பார்த்தேன். ஷைனிதான் அவசரமாகச் சொன்னாள், "எல்லாருக்கும் கை தவறும்ணே." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் தவறும் மக்கா. அவளுக்குத் தவறாது."

இப்போதும் அந்தப் பதிவு காலைதோறும் ஓடி, பதினொன்று இருபதுக்கு நான்கு நிமிடம் நிற்கிறது. மாலையில் சோதனை அறிக்கையில் 'பிழை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை.