மஞ்சளில் கரைந்த பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில், ஜாசின் நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினேன். பக்கத்து வீட்டுக் கமலாவின் கல்யாணப் பத்திரிகையை நானே அச்சடித்துத் தருவதாகப் பெருமையாகச் சொல்லி, அப்படியே செய்தும் முடித்தேன். ஈர விரல் பட்டால் மை கரைகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் வெளியே சொல்லவில்லை.

மறுநாள் இரு வீட்டாரும் சாமி படத்தின் முன் கூடினார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதல் பத்திரிகையின் மேல் மூலையில் மஞ்சள் தடவினார். தண்ணீராகக் குழைத்திருந்த மஞ்சள் வழிந்தது. அவர் மகனின் பெயர் கறுப்பாகக் கரைந்து ஓடியது.

மாப்பிள்ளையின் சித்தி மெல்லச் சொன்னார்: "பொண்ணு ராசி சரியில்ல போல."

கமலா தலை குனிந்தாள். அவள் கண்ணீர் தரையில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"ஆண்ட்டி, இந்த மை தண்ணி பட்டா கரையும். எனக்கு நேத்தே தெரியும். சொல்லாதது என் தப்பு."

மாப்பிள்ளையின் அம்மா என்னை முறைத்தார். பிறகு தன் தங்கை பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? மைதான் லா கரைஞ்சிச்சு. இதுல பொண்ணு என்ன செஞ்சா?"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் மட்டும் அன்று பேசாமல் இருந்திருந்தால், என் தப்பைக் கமலா ஆயுசுக்கும் சுமந்திருப்பாள். அத்தனை நேரம் வாய் மூடி நின்றதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.