பதினெட்டாம் நம்பருக்கு மாலை போட்ட குணா அண்ணன்

குணா அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை வீட்டிலேயே... மாரடைப்பு.

இன்று மதியம்தான் அனுப்பிவைத்துவிட்டு வந்தோம். அழுது முடித்து உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது, என்ன செய்ய? அவர் அப்படிப்பட்ட ஆள்.

தெரியாதவர்களுக்கு: பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் என் லைனில் டெக்னீஷியன். நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ் எங்களை ஜார்ஜ் டவுனில் இறக்கிவிட்டதும், வீட்டுக்குப் போகாமல் நேராகக் காதர் நானாவின் டீக்கடைக்குப் போவோம். குணா அண்ணன், ரவி, நான்.

அமெரிக்காவில் இரவு நடக்கும் பாஸ்கெட்பால் நமக்குக் காலைப் பசியாறல் நேரத்தில் வரும். ஊரே ஃபுட்பால் பார்க்கும்போது நாங்கள் மூவர் மட்டும் ரோத்தி சானாய் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு பாஸ்கெட்பாலுக்குக் கத்துவோம்.

எங்கள் டீம் என்று நாங்கள் கொண்டாடும் அமெரிக்க டீமில் ஒரு சின்னப் பையன். பெயரைச் சொன்னால் கமெண்டில் சண்டை வரும், அதனால் சட்டை நம்பரோடு நிறுத்திக்கொள்கிறேன். பதினெட்டு.

அவன் பந்தைத் தொட்டாலே குணா அண்ணன் எழுந்து நின்றுவிடுவார். "உக்காருங்க அண்ணே, பின்னால மறைக்குது லா" என்று யாராவது தினமும் சொல்வார்கள். உட்காரவே மாட்டார்.

ஒரு நாள் காலை தே தாரிக் டீ வருவதற்குள் போனில் செய்தி வந்தது. பதினெட்டை டிரேட் பண்ணிவிட்டார்கள்... வேறு டீமுக்கு.

ரவி போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். முகம் தெரியாத ஒரு பையனுக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று கேட்காதீர்கள், நாங்கள் அழுதோம்.

பிறகு சண்டை. இனி அந்தப் புது டீம்தான் என் டீம் என்றான் ரவி. பையன் போனால் போகட்டும், டீமை விடமாட்டேன் என்றேன் நான். நான் கொஞ்சம் வாய் அதிகம், அவனைத் துரோகி என்றே சொல்லிவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து அவன் ஒரு மேசை, நான் ஒரு மேசை. நடுவில் குணா அண்ணன், தட்டைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும்.

"ஒரே டீவி இருக்கு, ரெண்டு மேசை. நான் எந்தப் பக்கம்தான் திருப்பறது?" என்று காதர் நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

குணா அண்ணன்தான் எங்கள் இருவரையும் பிடித்து உட்காரவைத்தார். "நம்ம லைன்ல ஒருத்தன பத்து காவான்ல இருக்கற பிளாண்டுக்கு மாத்துனா என்னா செய்வோம்? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவோமா? ஃபேர்வெல் மக்கான் போட்டு அனுப்ப மாட்டோம்?"

சொன்னது மட்டுமில்லை, செய்தும் விட்டார். அடுத்த ஓஃப் டேயில் காதர் நானா கடையிலேயே மக்கான், சின்ன விருந்து. பதினெட்டு என்று எழுதிய கேக். பையன் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

அதோடு விட்டாரா... வழியனுப்புகிறோமே, மரியாதை வேண்டாமா என்று லிட்டில் இந்தியாவில் ரோஜா மாலை வாங்கிவந்து படத்துக்குப் போட்டுவிட்டார்!

எங்கள் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

தே குடிக்க வந்த ஒரு அங்கிள் படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "ஐயோ, சின்ன வயசாச்சே... என்னாப்பா ஆச்சு?"

ரவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "திடீர்னுதான் அங்கிள், நாங்களே போன்லதான் பார்த்தோம்" என்றான்.

"வீடு எங்க?"

"அமெரிக்கா, அங்கிள்" என்றார் குணா அண்ணன்.

அங்கிள் அவர் தோளில் கை வைத்தார். "பாடி எப்ப வருது?"

காதர் நானா கல்லாவில் தலையைக் கவிழ்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர்தான், காசு வாங்கக்கூட நிமிரவில்லை. "யோவ் குணா, உசுரோட இருக்கறவன் படத்துக்கு மாலை போடுவியா!"

விஷயம் புரிந்ததும் அங்கிளுக்குக் கோபமே வந்துவிட்டது. "உசுரோடதானே இருக்கான்? அப்புறம் எதுக்குய்யா அழறீங்க?" என்று திட்டிவிட்டு, கேக்கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நானும் ரவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மேசையைத் திரும்ப இழுத்துச் சேர்த்தது யார் என்று இன்று வரை ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு குணா அண்ணன் ஒரு சட்டம் போட்டார். பதினெட்டு எங்கள் டீமோடு மோதும்போது, "அவன் பாயிண்ட் போடட்டும், நாம ஜெயிக்கணும்." அன்றைக்கெல்லாம் இரண்டு பக்கமும் கத்திக் கத்திக் குரலே போய்விடும்.

இன்று செபராங் ஜெயாவில் அவர் வீட்டு ஹாலில் அவருடைய படம். சட்டையில் பதினெட்டு, கையில் தே கிளாஸ், வழக்கம்போல நின்றுகொண்டு.

மாலை என் கையில் இருந்தது. போடமுடியவில்லை. ரவியிடம் நீட்டினேன், அவன் காதர் நானாவைப் பார்த்தான். நானா தரையைப் பார்த்தார்.

அவர் மனைவி தேவி அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய முகத்தோடு சட்டென்று சிரித்துவிட்டார்.

"போடு மா. இந்த வாட்டி சரியாத்தான் இருக்கு."

போட்டேன் அண்ணே.

நாளைக் காலை பதினெட்டு நம் டீமோடு விளையாடுகிறான். கடையில் மூவரும் இருப்போம், காதர் நானாவையும் சேர்த்து.

நீங்கள் எங்கே நின்றாலும் சரி, இனி யாரும் மறைக்கிறது என்று சொல்லமாட்டார்கள். நன்றாக நின்று பாருங்கள் அண்ணே... அவன் பாயிண்ட் போடட்டும், நாம ஜெயிக்கணும்.