கன்னத்தில் சிவந்த மஞ்சள்

நேற்று வெள்ளைச் சேலையில் சாம்பார் சிந்திவிட்டது. சவுக்காரத்தைத் தேய்த்ததும் மஞ்சள் கறை குப்பென்று சிவந்தது. "கறை கூடிருச்சு பாரு" என்றார் வீட்டுக்காரர். எனக்கோ என்னிடம் படித்த பேச்சியம்மாவின் கன்னம் ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

எழுபதுகளின் கடைசியில், போடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. பத்தாம் வகுப்புக்கு வேதியியல். பிள்ளைகளின் பைக்கட்டைத் திறந்தாலே ஏலக்காய் மணக்கும். "மஞ்சள் தாள் காரத்தில் சிவப்பாக மாறும்" என்று வகுப்பே சேர்ந்து பாடும். "ஏன்?" என்று கேட்டால் வெளியே போகிற ஜீப்புச் சத்தம்தான் கேட்கும். நானும் உருப்போட்டுப் பட்டம் வாங்கியவள்தான், அது வேறு விஷயம். ஆனாலும் விடமாட்டேன். "பக்கத்து வீட்டு அத்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்று உயிரை வாங்குவேன்.

மலையில் ஏலக்காய் எடுக்கும் மாதங்களில் வகுப்பு பாதி காலியாகிவிடும். காயின் பச்சை மாறாமலிருக்க, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத்தான் உலர்த்துவார்கள். அந்தச் சோலிக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போவார்கள். மலைக்குப் போய் லீவு போட்டால் பரீட்சைக்கு அனுப்பமாட்டேன் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். காய்ச்சலுக்கு மட்டும் விலக்கு. அதிலிருந்து சிலமலை கிராமத்துப் பக்கம் ஒரே காய்ச்சல்.

சிலமலைப் பேச்சியம்மாவுக்கும் காய்ச்சல் வந்தது. "நர்சுக்குப் படிக்கணும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற பிள்ளை. லீவு முடிந்து அன்று முகத்தில் மஞ்சள் பளிச்சிட வந்து உட்கார்ந்தாள். நல்ல புழுக்கம். தாவணித் தலைப்பால் வேர்வையைத் துடைத்தாள். கன்னத்தில் திட்டாகச் சிவந்துவிட்டது. பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். தாவணியில் காய்ந்திருப்பது மலைச் சோடாதான் என்று எனக்குப் புரிந்தபோது, வாசலில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

"பாடம்தான் நடக்குது சார்" என்று உளறினேன்.

"அப்படியா? அந்தப் பிள்ளையே சொல்லட்டும். ஏன் செவந்துச்சு?"

பேச்சியம்மா எழுந்தாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள்.

"மஞ்சள்ல ஒரு நெறப்பொருள் இருக்கு சார். காரம் பட்டா அது வேற மாதிரி ஆயிருது, அதான் செவப்பாத் தெரியுது. துணியில சோடா இருந்துச்சு. புளிப்புப் பட்டா காரம் முறிஞ்சு பழைய மஞ்சளே வந்துரும். நேத்து மலையில எலுமிச்சம்பழம் தேச்சுப் பாத்தேன் சார், வந்துருச்சு."

நேற்று அவள் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டியவள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காய்ச்சக்காரிக்கு எலுமிச்சம்பழம் நல்லதுதான். உக்காரு ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பேச்சியம்மா பரீட்சை எழுதினாள், நர்சும் ஆனாள்.

போடியில் ஏலக்காய் இன்னும் மணக்கத்தான் செய்கிறது. மஞ்சள் முகத்தோடு பள்ளிக்கு வருகிற பிள்ளைகளைத்தான் காணோம். தலைமையாசிரியரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேற்று அந்தக் கறையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. ஏன் என்று கேட்பாரா என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். "பேசாம லாண்டரியில போட்டுருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் புரட்டினார்.