பைப்பு வெள்ளத்தில் கழுவிய தூள்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போன ஆராய்ச்சி மாணவி நான். சியோலைட் என்ற வெள்ளைத்தூளோடுதான் என் பாடு. டொலுயீன் என்ற திரவத்தைச் சைலீனாக்க அதை வினையூக்கியாகப் போட்டால் மூன்று வகைச் சைலீன் கலந்து வரும். எனக்கு அதில் ஒன்று மட்டும் அதிகமாக வரவேண்டும். இரண்டு வருடமாக வரவில்லை.

ஒருநாள் நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஆய்வக உதவியாளர் ஸ்டெல்லா அக்கா வந்து, "டிஸ்டில்டு வாட்டர் தீந்துபோச்சு மக்கா. தூளை பைப்பு வெள்ளத்துல கழுவட்டா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பைப்பு வெள்ளம் என்றால் குழாய்த் தண்ணீர். காதில் விழுந்தும் விழாமலும் "ம்" என்றேன்.

மறுநாள் காலி கேனைப் பார்த்துவிட்டு, "தூளை எதுல கழுவின?" என்று என் ஆய்வு வழிகாட்டி சார் கத்தினார். எங்கள் குழாயில் வருவது உப்புத் தண்ணீர்.

"அக்கா கேக்காம கழுவிட்டாங்க, சார்."

அக்கா என்னைப் பார்த்தார். காலி கேனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வீணாக்குவானேன் என்று அந்தத் தூளையே போட்டுப் பார்த்தோம். நான் தேடிய சைலீன் அதுவரை வராத அளவுக்கு வந்தது. தண்ணீரிலிருந்த மெக்னீசியம், தூளில் வேண்டாத வினை நடக்கும் இடங்களை அடைத்திருந்தது. சார் என்னைத்தான் பாராட்டினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று நான் டாக்டர். அதே ஆய்வகத்தில்தான் வேலை. ஒரு பீக்கரைக் கழுவச் சொன்னாலும் ஸ்டெல்லா அக்கா நகரமாட்டார்.

"சார் வரட்டும் மக்கா. அவரு முன்ன வச்சு சொல்லு, கழுவுதேன்."

என்னை நம்புவதை விட்டுவிட்டார். மக்கா என்று கூப்பிடுவதை இன்னும் விடவில்லை.