அறுபது காட்டிய வண்டி

எங்கள் யார்டில் என் அண்ணிக்கு ‘அறுபதக்கா’ என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் வயதைச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். அண்ணி நாற்பத்தைந்தைக்கூடத் தாண்டவில்லை. யாராவது விளக்கம் சொல்லப் போனால், “சும்மா விடுங்க, இந்த வயசுலயும் இப்படி இருக்காளேன்னு ஆச்சரியப்பட்டுட்டுப் போகட்டும்” என்று அவரே தடுத்துவிடுவார்.

நான் பழைய எக்ஸ்கவேட்டர்களை வாங்கி, சரி பண்ணி விற்கிறவன். எஞ்சின் புகைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆயில் ஒழுகினால் தரை காட்டிக் கொடுக்கும். வயருக்குள் பேச்சு நின்றுபோனால்தான் ஒருத்தனுக்கும் ஒன்றும் புரியாது. எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பம்புக்கு ஒன்று, கேபினில் டிஸ்ப்ளேவுக்கு ஒன்று. இவை எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே வயர்களில்தான் பேசிக்கொள்கின்றன. அந்த ஜோடியின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு நூற்றிருபது ஓம் ரெசிஸ்டர் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் குறுக்கே மீட்டரை வைத்தால், இரண்டும் சேர்ந்து பாதியாகி, அறுபது ஓம் காட்ட வேண்டும். நூற்றிருபது காட்டினால் ஒரு முனை போய்விட்டது என்று அர்த்தம். அண்ணி வாய்விட்டு “அறுபது” என்று சொன்ன பிறகுதான் எந்த வண்டியும் எங்கள் கேட்டைத் தாண்டும்.

யார்டுக்கு வருவதற்கு முன்பு அவர் செல்போன் கடையில் போர்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என்னிடம் ஒரு வண்டி உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வந்த மெக்கானிக்குகள் எல்லோரும் பெட்டி மாற்றுகிற ஜாதி. ஒருத்தன் எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றினான், அடுத்தவன் பம்பு கம்ப்யூட்டரை மாற்றினான், மூன்றாவது ஆள் டிஸ்ப்ளேவைக் கழற்றும்போது நான் கத்தி விரட்டிவிட்டேன். லாரி ஓட்டப் போயிருந்த அண்ணன் போனில், “வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவகிட்ட ஏண்டா கேக்கல?” என்றார். நான் சிரித்தேன். அண்ணி கடை லீவு நாளில் வந்தார். வயரிங் படத்தைத் தரையில் விரித்து, பேப்பர் படிப்பது மாதிரி நிதானமாகப் படித்தார். பிறகு கேபினுக்குப் பின்னால் தகட்டில் உரசி உரசித் தோல் போயிருந்த ஒரு வயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

“பெட்டி எல்லாம் நல்லாத்தான் இருக்கு கொழுந்தனாரே. மாத்தணும்னா உங்களைத்தான் மாத்தணும்.”

அன்றிலிருந்து அவர் இங்கேதான். தன்னடக்கம் என்கிற சமாச்சாரமே அவரிடம் கிடையாது. “நான் பார்த்த வண்டி நிக்காது” என்பார். நிற்கவும் நிற்காது. எனக்கு அதில் பெருமை உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

அந்த நம்பிக்கையில் முதல் ஓட்டை போட்டது அண்ணன் தம்பி இரண்டு பேர் வாங்கிப் போன வண்டி. எல்லோரும் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்போம். பெரியவர் முதலாளி, சின்னவர் ஆபரேட்டர். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே வண்டி மண் அள்ளிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. டிஸ்ப்ளேவில் ‘தொடர்பு இல்லை’ என்று சிவப்பு எழுத்து வரும், எஞ்சின் வேகம் தானாக இறங்கிவிடும், பக்கெட் அந்தரத்தில் நிற்கும். அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் பழைய குருடி கதைதான்.

பெரியவர் எனக்குப் போன் பண்ணினார். “அக்கா அறுபதுன்னு சொன்ன வண்டி. அப்போ வயர்ல தப்பு இருக்காது. தப்பு ஓட்டுறவன்கிட்டதான். வேற ஆள் பேசிட்டேன், நாளைக்கு வர்றான். இருந்தாலும் அக்கா ஒருதரம் வந்து பார்த்துட்டா என் மனசுக்கு நிம்மதி.”

சின்னவருக்கு அந்த சீட்டை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மூன்று வருஷமாக அண்ணனுக்காக அடுத்தவர் வண்டியில் ஓட்டி, சொந்த வண்டி வரட்டும் என்று காத்திருந்த ஆள். நாங்கள் போனபோது, அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தின் ஓரம் கைகட்டி நின்றிருந்தார். சாவி பெரியவர் கையில் இருந்தது.

அண்ணி அதை வாங்கிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டி சூடாகும்வரை மண் அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்தார். சிவப்பு எழுத்து வந்தது. உடனே வண்டியை அணைத்து, இறங்கி, பேட்டரியைக் கழற்றி, மீட்டரை வைத்தார். நான் “அறுபது” என்று கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“நூத்தி இருபது” என்றார்.

நடு கனெக்டரைப் பிரித்து இரண்டு பக்கமும் தனித்தனியே பார்த்தார். கேபின் பக்கம் சரி. எஞ்சின் பக்கம் ஒன்றுமே காட்டவில்லை. கடைசியில் இருந்த ரெசிஸ்டர் பிளக்கை உருவினார். உள்ளே பச்சைப் பொடி பூத்து, ரெசிஸ்டரின் கம்பிக் கால் அறுந்து கிடந்தது.

“இது நேத்து இன்னைக்குப் போனது இல்ல. வருஷக்கணக்கா செத்துக் கிடக்கு.”

“அப்போ யார்டுல எப்படி அறுபது காட்டுச்சு?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அண்ணி கேபினுக்குள் ஏறி, சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்தார். மெயின் வயரிலிருந்து கிளை பிரிந்து வந்த இரண்டு வயர்களின் நுனியில் புது கறுப்பு டேப் பளபளத்தது.

“இங்க என்ன இருந்துச்சு?”

பெரியவர் சாதாரணமாகச் சொன்னார். “வண்டி எங்க போகுதுன்னு பார்க்கப் பழைய ஓனர் வச்ச பெட்டிக்கா. எவனோ என்னை வேவு பார்க்குறதுக்கா நான் வண்டி வாங்கினேன்? வெட்டி எறிஞ்சிட்டேன்.”

“அந்தப் பெட்டிக்குள்ள ஒரு ரெசிஸ்டர் இருந்திருக்கு. எஞ்சின் பக்கம் செத்ததுக்குப் பதிலா அது கணக்கை ஒப்பேத்திட்டு இருந்துச்சு. அதனாலதான் என் மீட்டர் அறுபது காட்டுச்சு. நீங்க அதை வெட்டினீங்க, வண்டி நின்னுச்சு. ஓட்டுறவன் என்ன பண்ணுவான்?”

பெரியவர் முகம் தொங்கிப்போனது. தம்பி பக்கம் திரும்பினார். “நான்தான்டா கழட்டினேன்...”

“முதல் நாளே சொன்னேன்ணே.” சின்னவர் சத்தம் போடவில்லை. “பெட்டியைக் கழட்டினதுல இருந்துதான் இப்படின்னு சொன்னேன். சாக்கு சொல்லாதன்னு சாவியைப் பிடுங்கிட்ட.”

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெரியவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

“என்கிட்டயும் சொன்னான்” என்றார். “போன் பண்ணி இதையேதான் சொன்னான். நான் அறுபது பார்த்த வண்டி, வயர்ல ஒண்ணும் இருக்காது, போய் டீசலைப் பாருன்னு வச்சிட்டேன். யார்டுல அன்னைக்கு சீட்டைத் தூக்கிப் பார்க்காததும் நான்தான். இவன் சொன்னதைக் காதுல வாங்காததும் நான்தான்.”

சின்னவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தார். அண்ணி சொல்லியிருக்காவிட்டால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு நேரே டூல் பையை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் போனார்.

புது ரெசிஸ்டர் பிளக் போட்டார். சீட்டுக்கு அடியில் தொங்கிய கிளை வயரை வேரோடு எடுத்து, வெட்டிய இடத்தில் சால்டர் வைத்து மூடினார். ஒரு முனையைக் கழற்றி மீட்டர் பார்த்தார், அதை மாட்டிவிட்டு மறு முனையைக் கழற்றிப் பார்த்தார். இரண்டையும் மாட்டிய பிறகு “அறுபது” என்றார். வழக்கமான அதே சத்தம்தான். மறுபடியும் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்தோம். சிவப்பு எழுத்து தலைகாட்டவில்லை.

பெரியவர் வண்டியிலிருந்து சாவியை எடுத்து வந்து தம்பியிடம் நீட்டினார். “ஏறுடா.”

சின்னவர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. “நாளைக்கு வர்ற ஆள்கிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்க?”

பெரியவர் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அங்கேயே நின்று போனை எடுத்தார். “நாளைக்கு வர வேண்டாங்க... இல்லைங்க, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. என் தம்பிக்கு ஓட்டத் தெரியும். வண்டியைக் கெடுத்தது நான்.”

அவர் போனை வைக்கிறவரை சின்னவர் சாவியை வாங்கவில்லை.